திரையில் ஒரு துறை

தீவிலே பிறந்தவர்க்கு உலகம் துறையில் தொடங்குகின்றது. மாவும் மருந்தும், ஆசிரியரும் அஞ்சலும், மணவோலையும் மரணச் செய்தியும் அங்கேதான் வந்து இறங்கவேண்டும். எனவே துறைக்கு வருவோரை எவ்வாறு ஏற்பது என்னும் வினா தீவகத்தார்க்குப் பழைமையானது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலே முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்ச் சாசனம் ஒன்று உள்ளது. பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அச்சாசனத்தைப் பேராசிரியர் கா. இந்திரபாலா ஆராய்ந்து எழுதியுள்ளார். பிறநாட்டார் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து இறங்கவேண்டும் என்றும் அவர்கள் பாதுகாக்கப்படவேண்டும் என்றும் அது விதிக்கின்றது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, எஞ்சியது உடையவனுக்கு; வணிகப் பொருள் ஏற்றிவந்த கலம் உடைந்தால் பாதி அரசுக்கு, பாதி உடையவனுக்கு. முன்பின் அறியாத அயலானுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு, அவனுக்கும் உரிமை உண்டு என்பதை எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே எமது கரையிலே தமிழில் வெட்டிவைத்தனர்.

இச்சாசனத்தை நான் எமது கலைப்பீடத்து விரிவுரையொன்றிலேதான் முதன்முதல் அறிந்தேன். ஆயினும் அதன் பொருள் எனக்கு விளங்கியது வேறொரு துறையில். அத்துறை பதினான்கு அங்குலத் திரையொன்றினுள் இருந்தது.

பல்கலைக்கழக அனுமதி கிடைத்த ஆண்டிலே கனடாவிலுள்ள மாமா தாம் பாவித்த மடிக்கணினியை ஊருக்கு வந்த உறவினர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். துவாய் ஒன்றினாற் சுற்றப்பட்டு, கொக்கோப் பெட்டிகளுக்கு நடுவே, குறிகட்டுவானிலிருந்து படகேறி அது நெடுந்தீவுக்கு வந்தது. அதுவரை நான் கணினியைத் தொட்டது பாடசாலை ஆய்வுகூடத்திலே, மூவருக்கு ஒன்றென்ற கணக்கில். அதை மூடினால் அணைந்துவிடுமா, திறந்தே வைத்தாற் கெட்டுவிடுமா என்பதும் எனக்குத் தெரியாது. சுட்டியின்றி விரலால் தடவி அம்புக்குறியை நகர்த்தக் கற்றுக்கொள்ள மூன்று நாட்கள் சென்றன. சோளகம் வீசும் மாதங்களிலே கடல் கொந்தளித்துப் படகு நின்றுவிட்டால் தீவு தனித்துவிடும். ஆனால் கைப்பேசியின் இணைப்பைக் கணினிக்குக் கொடுத்து, அலைவரிசை ஒழுங்காய் வரும் தெற்கு விறாந்தையின் மூலையில் அமர்ந்தால், படகு நின்ற நாளிலும் உலகம் வந்து இறங்கியது. தீவகத்திற் பிறந்த ஒருவருக்கு இது எத்தகைய மாற்றம் என்பதை நிலப்பரப்பில் வாழ்வோர் முற்றாக உணர்தல் அரிது.

முதல் இடர் எழுத்தினால் வந்தது. விரிவுரைக் குறிப்புகள் பல 'பாமினி' எழுத்துருவில் இருந்தன. அவ்வெழுத்துரு இல்லாத கணினியிலே 'அம்மா' என்னும் சொல்லும் பொருளற்ற உரோம எழுத்துகளின் குவியலாகவே தோன்றும். ஈழத்திலே அச்சகங்களும் அலுவலகங்களும் நெடுங்காலம் அவ்வெழுத்துருவையே கையாண்டமையால், எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி தேடற்பொறிகளின் கண்ணுக்குத் தமிழாகவே தெரியாமற் கிடந்தது. ஒருங்குறி முறை பரவிய பின்னரே எந்தக் கணினியில் எழுதிய தமிழும் எந்தக் கணினியிலும் தமிழாகத் தெரிந்தது. பழைய எழுத்துருக்களிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றுவதற்கு 'யாழ் சுரதா' அமைத்து இலவசமாக அளித்த மாற்றியை அறியாத ஈழத்து இணையப் பயனர் குறைவு. ஊதியம் கருதாது ஒருவர் செய்து வைத்த கருவியினால், அவர் முகம் அறியாத ஆயிரக்கணக்கானோர் எழுதுகின்றனர். நான் நுழையவிருந்த சமூகத்தின் இயல்பை எனக்கு முதலிற் காட்டியது அக்கருவியே.

இவ்வகைத் தொண்டு அங்கே புதிதன்று. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளிலே சுவிற்சர்லாந்தின் உலோசான் நகரிலிருந்து கலாநிதி கு. கல்யாணசுந்தரம் தொடக்கிய மதுரைத் திட்டத்திலே, பல நாடுகளில் வாழ்ந்த தமிழர்கள் பழந்தமிழ் நூல்களைத் தம் ஓய்வுநேரத்தில் தட்டச்சுச் செய்து, பிழைதிருத்தி, யாவர்க்கும் பொதுவாக்கினர். 2003இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியபோது அதனைத் தொடக்க ஆண்டுகளில் வளர்த்தவர்களுள் முதன்மையானவர் யாழ்ப்பாணத்தவராகிய இ. மயூரநாதன். ஐக்கிய அரபு அமீரகத்திலே கட்டடக்கலைஞராகப் பணியாற்றிய அவர், வேலை முடிந்த வேளைகளிலே ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதினார். 2005இல் ஈழத்து இளைஞர் சிலர் தொடக்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம் நூல்களையும் இதழ்களையும் மலர்களையும் துண்டுப்பிரசுரங்களையும் மின்வருடிப் பாதுகாத்து வருகின்றது. 1981 மே 31ஆம் நாள் இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பரான வரலாற்றை அறிந்த எவரும், ஒரே பிரதி ஒரே கட்டடத்தில் இருத்தல் எத்துணை ஆபத்தானது என்பதை உணர்வர். அவ்வுணர்வின் செயல்வடிவமாகவே இம்முயற்சியை நான் காண்கின்றேன்.

மாமாவின் மடிக்கணினி என்னை இணையத்திலே இருவகைச் சமூகங்களுக்கு இட்டுச்சென்றது. அவற்றிடையே நான் கண்ட வேறுபாடே இக்கட்டுரையின் பொருள்.

முதலாவது, ஊரார் குழு. 1990, 1991ஆம் ஆண்டுகளிலே போரினால் தீவகத்தார் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். மிகப் பலர் மீளவில்லை. ரொறன்ரோவிலும் பாரிசிலும் இலண்டனிலும் வாழும் அவர்கள் முகநூலிலும் கைப்பேசிக் குழுக்களிலும் ஊரை மீண்டும் கட்டியெழுப்பியுள்ளனர். கோயில் கொடியேற்றம், பழைய மாணவர் ஒன்றுகூடல், மரண அறிவித்தல், பெருக்குமரத்தின் கீழே எடுத்த பழைய நிழற்படம் ஆகியன அங்கே நாள்தோறும் வரும். அவ்வன்பு பொய்யன்று. பாடசாலைக்குத் தளபாடமும் நோயாளிக்கு மருத்துவச் செலவும் அவ்வழியே வந்ததை நான் நேரிற் கண்டவன். எனினும் குழுவினுள் நுழைந்ததும் என்னிடம் கேட்கப்பட்ட முதற்கேள்வி, "நீர் ஆற்றை பிள்ளை? எந்த வட்டாரம்?" என்பதே. யாழ்ப்பாணச் சமூகத்தை அறிந்தோர்க்கு இவ்வினாவின் ஆழம் விளக்கவேண்டியதன்று. தந்தையின் பெயரும் வட்டாரத்தின் பெயரும் கிடைத்தவுடன் கேட்டவர் என்னை எங்கே வைப்பது என்பதைத் தீர்மானித்துவிடுவார். கடல்கள் பல கடந்தும் சாதி தன் மூட்டையை எங்கும் இறக்கிவைக்கவில்லை.

இரண்டாவது, விக்கிப்பீடியா, விக்சனரி ஆகியவற்றிலே எழுதுவோர் குழு. அங்கே என் தந்தையின் பெயரை எவரும் கேட்கவில்லை. புனைபெயருடன் நுழைந்த எனக்கு ஒரு வரவேற்புச் செய்தியும் உதவிப் பக்கங்களும் கிடைத்தன. உற்சாக மிகுதியினால் எமது தீவின் கல்வேலிகளைப் பற்றி எழுதினேன். முருகைக்கற்களைச் சாந்தின்றி அடுக்கி எழுப்பும் வேலிகள் அவை; சிறுவயது முதல் அவற்றின் மேலே ஏறி விழுந்து வளர்ந்தவன் நான். இரு நாட்களில் அப்பந்தியின் பெரும்பகுதி நீக்கப்பட்டது. நீக்கியவர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் என்பதை மட்டும் பின்னர் அறிந்தேன். "சான்று தேவை" என்பதே அவர் எழுதிய காரணம்.

என் வீட்டு வேலியைப் பற்றி எனக்கே சான்று வேண்டுமாம்! அன்று எனக்குச் சினமே மேலிட்டது. ஆயினும் உரையாடற் பக்கத்தில் நிகழ்ந்த வாதம் என்னைச் சிந்திக்கவைத்தது. "நீங்கள் கூறுவது உண்மையாக இருக்கலாம். ஆனால் நாளை ஒருவர் இதற்கு மாறாக எழுதினால் வாசகர் எதை நம்புவார்?" என்று அவர் வினவினார். அவ்வினாவிற்கு என்னிடம் விடை இருக்கவில்லை. ஒருவருடைய சொல் அவர் பிறப்பினால் மெய்யாகிவிடாது, சான்றினாலேயே நிலைபெறும். இவ்விதி முதலிற் கொடுமையாகத் தோன்றும். ஆனால் யாருடைய பிள்ளை என்று கேளாத சமூகம், யார் சொன்னாலும் சான்று கேட்டே ஆகவேண்டும். முன்னைய வினாவைக் கைவிட்டமையின் விலை பின்னைய வினா.

அதன் பின்னரே சான்று தேடத் தொடங்கினேன். 'நூலகம்' தளத்திலே பாடசாலை மலர்களும் கும்பாபிடேக மலர்களும் கல்வெட்டுகளும் இருந்தன. கல்வெட்டு என்று நான் ஈண்டுக் குறிப்பிடுவது சாசனத்தையன்று. யாழ்ப்பாணத்திலே அந்தியேட்டி நாளில் வழங்கப்படும் நினைவு நூலை. தேவாரமும் குடும்ப வரலாறும் நிரம்பிய அச்சிறுநூல்களை நாம் அலுமாரியின் மேலே எறிந்துவிடுகிறோம். ஆனால் அவற்றின் ஓரிரு பக்கங்களிலே ஊரின் கிணறுகளும் வள்ளங்களும் முதல் ஆசிரியரும் பதிவாகியிருப்பதுண்டு. பேரேடுகள் எழுதாத வரலாற்றை மரணங்கள் எழுதி வைத்துள்ளன. கல்வேலி பற்றிய குறிப்பும் அத்தகைய பழைய மலரொன்றில் அகப்பட்டது. நீக்கப்பட்ட பந்தி சான்றுடன் மீண்டது. அதன் மொழியைத் திருத்தி உதவியவர் முன்னர் அதனை நீக்கிய அதே அன்பரே.

எனினும் சான்று என்னும் விதிக்கு ஓர் எல்லையும் உண்டு. அச்சேறியவை மட்டுமே சான்றாகுமாயின், அச்சகம் எட்டாத மக்களின் அறிவு என்னாவது? 1985 மே 15இல் குமுதினிப் படகிலே பயணிகள் கொல்லப்பட்ட செய்தி அச்சிலும் உண்டு. ஆனால் அந்நாளைப் பற்றி எமது ஊர்த் தாய்மார் நினைவில் வைத்திருப்பவற்றுள் எத்தனை அச்சேறின? வாய்மொழி வரலாற்றை முறைப்படி பதிவுசெய்து ஆவணமாக்குதல் கலைப்பீட மாணவராகிய எம் கடமை என்பதை எந்த விரிவுரையும் எனக்கு இவ்வளவு கூர்மையாக உணர்த்தவில்லை.

சிறிய அளவில் நான் வீட்டிலேயே தொடங்கினேன். அம்மம்மாவின் வாயிலிருந்து பனையின் சொற்களைத் திரட்டினேன்: காவோலை, சார்வோலை, கங்குமட்டை, பன்னாடை, கொக்கறை, பூரான். பின்னர் காற்றின் பெயர்கள்: வாடை, கொண்டல், சோளகம், கச்சான். மாலைதோறும் விறாந்தை மூலையில் நான் தட்டச்சுச் செய்வதைப் பார்த்திருந்த அவர் ஒருநாள் கேட்டார்:

"உந்தப் பெட்டியைத் திறந்துவைச்சுக்கொண்டு நெடுக ஆரோடை கதைக்கிறாய் மோனை?"

"வெளியிலை இருக்கிற ஆக்களோடை, அம்மம்மா. உங்கடை சொல்லுகளைக் கேக்கினம்."

"அவை ஆர்? எங்கடை ஆக்களோ?"

நான் உடனே விடை கூறவில்லை. காற்றின் பெயர்களைப் பதிந்த மறுநாள் இராமநாதபுரக் கரையைச் சேர்ந்த ஒருவர், தம் ஊர்க் கடற்றொழிலாளரும் சோளகம், கச்சான் என்றே வழங்குவதாக எழுதியிருந்தார். அவரை நான் கண்டதில்லை. அவர் வட்டாரம் எனக்குத் தெரியாது. ஆனால் எமக்கிடையே கிடக்கும் கடலில் வீசும் காற்றுக்கு இருவரிடமும் ஒரே பெயர் உண்டு. அவர் எங்கடை ஆள் அல்லர் என்று கூற எனக்கு மனம் வரவில்லை.

உறவு என்பதைப் பிறப்பினால் மட்டுமன்றிப் பணியினாலும் அமைக்கலாம் என்பதற்குத் தீவகத்திலேயே ஒரு முன்னோடி உண்டு. ஊர்காவற்றுறைக் கரம்பொனில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகள், இணையம் தோன்றுவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்னரே, கடிதத்தினாலும் பயணத்தினாலும் 1952இல் தொடங்கிய தமது ஆங்கில ஆய்வேட்டினாலும் உலகெங்குமுள்ள தமிழாய்வாளரை ஒன்றுசேர்த்தார். 1964இல் புதுதில்லியிலே உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாகவும், 1966இல் கோலாலம்பூரில் முதலாவது மாநாடு நிகழவும் அவர் முயற்சியே முதற்காரணம். தமிழராய்ப் பிறவாத அறிஞரும் அம்மன்றத்திலே தமிழின் உறவினராயினர். இன்று எங்கள் மடிமேலுள்ள கருவி அவருக்குக் கிடைத்திருப்பின் அதனை எதற்குப் பயன்படுத்தியிருப்பார் என்று எண்ணிப் பார்க்கலாம்.

இவ்விரு சமூகங்களுள் ஒன்றைக் கொண்டு மற்றதைத் தள்ளுக என்பது என் கருத்தன்று. ஊரார் குழுவிடம் நினைவு உண்டு, பாசம் உண்டு, பொருளும் உண்டு. நினைவைச் சரிபார்க்கும் ஒழுங்கும், பிறப்பைக் கேளாத பண்பும் இல்லை. பணியாலமைந்த குழுவிடம் அவ்வொழுங்கும் பண்பும் உண்டு. எமது மண்ணின் நினைவு இல்லை. ரொறன்ரோவில் ஒருவர் பெட்டியினுள் வைத்திருக்கும் கல்வெட்டும், பாரிசில் ஒரு மூதாட்டியின் நெஞ்சிலுள்ள தாலாட்டும் பொதுத்துறைக்கு வந்து இறங்கவேண்டும். அவற்றைக் கேட்டுப் பெறவும், மின்வருடவும், சான்றுடன் எழுதவும் இரு கரைகளையும் அறிந்த மாணவர்கள் வேண்டும். எங்கள் பீடத்திலே இன்று மடிக்கணினி இல்லாத மாணவர் சிலரே. அவர்களுக்கும் ஒன்று கிடைக்கச் செய்வதும், உள்ளவர்கள் அதனைப் பரீட்சைக் குறிப்புக்கும் திரைப்படத்துக்கும் அப்பால் ஒரு துறையாகத் திறந்து வைப்பதும் எமது சங்கம் மேற்கொள்ளத்தக்க பணிகளாகும்.

அம்மம்மாவுக்கு அடுத்த நாள் விடை கூறினேன். "ஓம், எங்கடை ஆக்கள்தான்." அவர் நம்பினாரோ அறியேன். "அப்பிடியெண்டால் எழுது. பனங்கொட்டை பிளந்து பூரான் எடுக்கிற விதம் நான் நேற்றுச் சொன்னது காணாது" என்று சொல்லி, என் அருகே கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தார்.