"ஓடற தறிய நிறுத்தாத கண்ணு!" - கோடியக்கரையில் அப்பா சொன்ன பாடம்

முதலில் ஒரு தப்பை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன், கோவையில் ஒரு குளக்கரையில் நின்று நான் கை தட்டினேன். சேற்றில் மேய்ந்துகொண்டிருந்த உள்ளான் கூட்டம் மொத்தமாக எழும்பிப் பறந்தது. காலை வெயிலில் அத்தனை சிறகுகளும் ஒரே நேரத்தில் வெள்ளையாகத் திரும்பியதை என் மொபைல் அழகாகப் பிடித்துக்கொண்டது. பின்னணிக்குக் கொஞ்சம் வயலின், மேலே 'கோவைக்கு வந்த வெளிநாட்டு விருந்தாளிகள்' என்று ஒரு வரி. அந்த மாதம் எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் அதிகம் பேர் பார்த்த வீடியோ அதுதான். எடிட்டர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

அதன் பிறகு பறவை என்றாலே டெஸ்க்கில் என் பெயரைச் சொல்வார்கள். 'நிற்கிற பறவையை யாரும் பார்க்க மாட்டாங்க. பறக்கணும்' என்பது எங்கள் தொழில் ரகசியம். நானும் அதை நம்பினேன், இந்த மாசி மாதம் கோடியக்கரைக்குப் போய்வரும் வரை.

கொங்கு நாட்டுக்காரர்களுக்குக் கடல் என்றால் பெரும்பாலும் பள்ளிச் சுற்றுலாதான். சோமனூரில் பிறந்து வளர்ந்த நானும் ஏழாம் வகுப்பில் கன்னியாகுமரியில் ஒருமுறை கால் நனைத்ததோடு சரி. ஆனால் பறவை பார்க்கிற பழக்கத்துக்கு எங்கள் பக்கம் குறைவே இல்லை. நொய்யல் ஆற்றை நம்பி இருக்கும் உக்கடம், சிங்காநல்லூர், சூலூர் குளங்களில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பைனாகுலரோடு சிலர் நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். திருப்பூர் நஞ்சராயன் குளம் 2024 ஆகஸ்ட்டில் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பறவை ஆராய்ச்சிக்கென்றே சாலிம் அலி பெயரில் 1990-ல் தொடங்கிய மையம் ஆனைக்கட்டி மலையடிவாரத்தில்தான் இருக்கிறது. அப்படி ஞாயிறுதோறும் குளக்கரைக்குப் போகிற ஒரு குழுதான், வருடத்துக்கு ஒருமுறை கடலோரம் போய்வருவது வழக்கம். 'நீங்களும் வாங்க' என்றார்கள். வீடியோ கிடைக்குமே என்று உடனே தலையாட்டினேன்.

"அப்பாவையும் கூட்டீட்டுப் போ சாமி. ஊட்டுக்குள்ளயே உக்காந்து செவுத்தப் பாத்துட்டே இருக்கறாரு" என்றார் அம்மா.

அப்பா முப்பத்து நான்கு வருடம் விசைத்தறி ஓட்டியவர். காடா துணிக்குக் கூலி நெசவு. போன வருடம் ஓனர் தறிகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். அன்றிலிருந்து அப்பாவுக்கு வேலை இல்லை. அதைவிடப் பெரிய விஷயம், காது. தறிக்கூடத்தில் அத்தனை வருடம் இரைச்சலுக்குள் நின்றதில் காது முக்கால்வாசி போய்விட்டது. பக்கத்தில் நின்று கத்தினால்தான் கேட்கும். அதனால் நாலு பேர் கூடும் இடத்துக்கே அவர் வருவதில்லை. பறவைச் சத்தம் கேட்காத மனிதரைப் பறவை பார்க்கக் கூட்டிப்போவதா என்று எனக்குத் தயக்கம்தான். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றேன்.

இரவு கோவையில் செம்மொழி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் மன்னார்குடி. அங்கிருந்து வேன். திருத்துறைப்பூண்டி தாண்டி, வேதாரண்யம் நெருங்கும்போது சாலையின் இருபுறமும் வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல்கள். 1930-ல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய ஊர். அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டே வந்தார்.

கோடியக்கரை, வங்காள விரிகுடாவும் பாக் நீரிணையும் சந்திக்கும் முனை. 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு அறிமுகமே தேவையில்லை. 1967-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002-ல் ராம்சர் தலமானது. வெளிமான்கள் இருக்கும் காடு ஒரு பக்கம், பெரிய சதுப்பும் உப்பளங்களும் மறுபக்கம். மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் இங்கே பல பத்தாண்டுகளாகப் பறவைகளின் கால்களில் வளையம் மாட்டி, அவை எங்கிருந்து வருகின்றன, எங்கே போகின்றன என்று ஆராய்ந்திருக்கிறார்கள்.

வனத்துறையின் அனுமதி வாங்கிக்கொண்டு, மறுநாள் விடியற்காலையில் சதுப்புப் பக்கம் போனோம். தூரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு. பைனாகுலரில் பார்த்தால், அத்தனையும் பூநாரைகள். தலையைக் கவிழ்த்துத் தண்ணீருக்குள் வைத்தபடி வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு முன்னால், எங்களுக்குக் கொஞ்சம் அருகில் இருந்த சேற்றுத் திட்டில், பொடிப்பொடியாக ஏதோ ஓடிக்கொண்டே இருந்தது. கொசு உள்ளான்கள். முப்பது கிராம்கூட இருக்காத பறவை. தையல் மெஷின் ஊசி மாதிரி மூக்கு மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்கிறது. நான் பார்த்துக்கொண்டிருந்தவரை ஒன்றுகூட நிமிர்ந்து நிற்கவில்லை.

மொபைலை எடுத்தேன். வெளிச்சம் பிரமாதம். பறந்தால் மட்டும் போதும். மெதுவாகத் திட்டை நோக்கி நாலடி வைத்தேன்.

எதிரே ஒரு கை உயர்ந்தது. அப்பா. உள்ளங்கையைக் காட்டி, விரல்களை ஒரே வெட்டாக மடக்கினார். எனக்கு அந்தச் சைகை சின்ன வயதிலிருந்தே தெரியும். தறிக்கூடத்தில் யாரும் வாயால் பேசுவதில்லை. இழை அறுந்தது, தார் தீர்ந்தது, டீ வந்தது என்று எல்லாவற்றுக்கும் கைதான். பள்ளி விட்டதும் அப்பாவுக்குச் சோற்றுப் போசி கொண்டுபோவேன். அப்போது பழகிய பாஷை. இதற்கு அர்த்தம், 'நிறுத்து'.

நின்றுவிட்டேன்.

எங்களை அழைத்து வந்தவர் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லித் தருபவர். அவர் என்னைத் திட்டவில்லை. "மாசி, பங்குனி ரெண்டும் இதுகளுக்குப் பரீட்சை மாசம்ங்க" என்று தாழ்ந்த குரலில் ஆரம்பித்தார்.

அவர் சொன்னதன் சுருக்கம் இதுதான். ஐப்பசி வாக்கில் வந்த இந்தப் பறவைகள் இன்னும் சில வாரங்களில் வடக்கே கிளம்பும். கொசு உள்ளான் போன்றவை முட்டையிடுவது வட துருவத்தை ஒட்டிய சமவெளியில். வழியில் மலை, பாலைவனம் எல்லாம் உண்டு. இந்த வான்வழிக்கு மத்திய ஆசியப் பறவைப்பாதை என்று பெயர். அந்தப் பயணத்துக்கான பெட்ரோல், உடம்பில் சேர்க்கும் கொழுப்புதான். சேற்றுப் புழுவையும் பூச்சியையும் தின்றுதான் அதைச் சேர்க்க வேண்டும். எவ்வளவு சேர்க்கிறதோ அவ்வளவு தூரம் போகலாம். 2022-ல் பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவை ஒன்று, பிறந்து ஐந்து மாதம்தான் இருக்கும், அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவுக்கு நடுவில் எங்கும் இறங்காமல் 11 நாள்களில் சுமார் 13,560 கிலோமீட்டர் பறந்தது. முதுகில் பொருத்திய கருவி அதைக் காட்டிக்கொடுத்தது. கிளம்பும் முன் அந்த இனம் தன் குடலையும் இரைப்பையையும்கூடச் சுருக்கிக்கொள்ளுமாம், சுமை குறைய.

"நாம கிட்டப் போனா பயந்து எழும்பும். எழும்பறதுக்கு ஆகற சக்தி ஒரு நஷ்டம். திரும்ப வந்து உக்காந்து, ஆபத்தில்லைன்னு நம்பி, மேய ஆரம்பிக்கற வரைக்கும் போகற நேரம் இன்னொரு நஷ்டம். ஒருதடவைன்னா சமாளிச்சுக்கும். நாள் முழுக்க ஆள் மாத்தி ஆள் வந்தா?"

அப்பா எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே கத்திச் சொல்ல முடியாது. மொபைலில் பெரிய எழுத்தில் தமிழில் டைப் செய்து காட்டினேன். நிதானமாகப் படித்தார். பிறகு பைனாகுலரை வாங்கிக்கொண்டு, கீழே துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார்.

அரை மணி நேரம் கழித்து என் தோளைத் தட்டினார். கூட்டத்தின் இடது ஓரத்தைக் காட்டி, கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்து ஒரு நூலை இழுப்பதுபோல் காட்டினார். இதுவும் தறிப் பாஷைதான். 'பாவுல ஒரு இழை வேற'. நான் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. கல்லூரிக்காரர் தன் தொலைநோக்கியைத் திருப்பி வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கொசு உள்ளான்களுக்கு நடுவே, அவற்றைவிடச் சற்றுப் பெரிதாக, மூக்கு கீழ்நோக்கி வளைந்த வேறொரு உள்ளான். மார்பில் மட்டும் திட்டுத்திட்டாகச் செம்மண் நிறம். குளிர்காலச் சாம்பல் நிறத்தை உதிர்த்துவிட்டுக் கல்யாணச் சட்டைக்கு மாறிக்கொண்டிருக்கிறது. சைபீரியாவின் வடகோடிக்குப் போய்ச் சேர்வதற்குள் உடம்பின் அடிப்பக்கம் முழுக்கச் சிவந்துவிடும் என்றார்.

"எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?" என்று அப்பாவிடம் கேட்டார். அப்பாவுக்குக் கேள்வி கேட்கவில்லை. நான்தான் பதில் சொன்னேன். ஆயிரக்கணக்கான இழை ஓடும்போது அறுந்த ஒன்றைக் கண்டுபிடிக்கிற வேலையை முப்பத்து நான்கு வருடம் பார்த்தவர்.

பத்து மணி வாக்கில் எங்கிருந்தோ ஒரு நாய் சேற்றுக்குள் இறங்கி ஓடியது. அவ்வளவுதான். பூமியிலிருந்து ஒரு போர்வையை உதறியதுபோல் மொத்தக் கூட்டமும் எழும்பியது. ஒரு திரும்பலில் கறுப்பு, மறு திரும்பலில் வெள்ளை. இவ்வளவு அழகான ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை. பொய் சொல்ல மாட்டேன், என் கை தானாகவே மொபைலைத் தூக்கிப் படம் பிடித்தது.

படம் எடுத்து முடித்தபோது அப்பா தன் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். பறவைகள் சுற்றின, இறங்குவதுபோல் வந்தன, மறுபடி ஏறின. கடைசியில் வேறொரு திட்டில் இறங்கின. இறங்கியும் தலையைத் தூக்கியபடியே நின்றன. முதல் பறவை சேற்றில் மூக்கை வைத்தபோது அப்பா வாட்ச்சை என்னிடம் நீட்டினார். பதினேழு நிமிடம்.

திரும்பி வரும்போது வேனின் பின் சீட்டில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். வண்டிச் சத்தத்தில் அவர் வழக்கம்போல் உரக்கவே பேசினார்.

"அம்மிணி, எங்களுக்கு மாசச் சம்பளமா குடுத்தாங்க? மீட்டருக்கு இவ்வளவுன்னுதான கூலி. கரன்ட் போனா, இழை அறுந்தா, யாராச்சும் வந்து பேச்சுக் குடுத்தா தறி நின்னு போகும். நின்ன நேரத்துக்கு எவன் கூலி குடுப்பான்? சனிக்கெழம கணக்குப் பாக்கறப்பத்தான் தெரியும், கொழந்தைக்கு பீஸ் கட்டறதுல எவ்வளவு கொறையுதுன்னு. அதுகளும் கூலிக்குத்தான் ஓட்டுதுக. ஓடற தறிய சும்மா நிறுத்தாத கண்ணு."

வேனில் இருந்த யாரும் சிறிது நேரம் பேசவில்லை. எனக்குக் கோவைக் குளக்கரையில் நான் கை தட்டிய காலைதான் ஞாபகம் வந்தது. அதுவும் ஒரு மாசி மாதம்தான்.

அலுவலகம் திரும்பியதும் எடிட்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பழைய வீடியோவை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "எடுத்தா யாருக்கும் ஒண்ணும் தெரியாமப் போயிடும். நடந்ததை அதுலயே எழுது" என்றார். இப்போது அந்த வீடியோவின் கீழே முதல் வரியாக இது இருக்கிறது: 'இந்தப் பறவைகள் தானாகப் பறக்கவில்லை. நான் கை தட்டியதால் பறந்தன. அப்படிச் செய்திருக்கக் கூடாது.' கோடியக்கரையில் எடுத்ததில், பறவைகள் மேய்கிற காட்சியை மட்டும் இரண்டு நிமிட வீடியோவாகப் போட்டோம். பார்த்தவர்கள் குறைவுதான். அதற்காக எடிட்டர் ஒன்றும் சொல்லவில்லை. டீயும் வாங்கித் தரவில்லை!

நீங்களும் போக நினைத்தால், ஐப்பசி முதல் மாசிவரை நல்ல காலம். விடியற்காலை அல்லது சாயங்காலம் போங்கள். பளிச்சென்ற நிறத்தில் சட்டை வேண்டாம். பறவைகள் மேய்வதை விட்டுவிட்டுத் தலையைத் தூக்கி உங்களைப் பார்த்தால், போதுமான அளவு கிட்டப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம். அங்கேயே நின்றுவிடுங்கள், அல்லது இரண்டடி பின்னால் வாருங்கள். குழந்தைகளைத் தாராளமாகக் கூட்டிப்போகலாம். கல் எறியக் கூடாது என்பதை மட்டும் வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். கடல்வரை போக முடியாதவர்களுக்கு நம் ஊர்க் குளங்களே போதும். அங்கே வருகிற உள்ளான்களுக்கும் இதே பயணம்தான், இதே கூலிதான்.

அப்பா இப்போது வாரத்தில் மூன்று நாள் சூலூர் குளத்துக்குப் பஸ் ஏறிவிடுகிறார். குழுவினர் ஒரு பழைய பைனாகுலரைக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களில் நாலைந்து பேர் தறிப் பாஷையும் கற்றுக்கொண்டார்கள். குளக்கரையில் வாய் பேசாமல் இருக்க அது ரொம்ப வசதி என்கிறார்கள்.

பங்குனி நடுவில் ஒருநாள் நானும் கூடப் போனேன். உள்ளான்கள் மேயும் சேற்றுப் பகுதி காலியாக இருந்தது. ஒன்றுகூட இல்லை. எனக்கு மனசு என்னவோபோல் ஆனது. அப்பா என்னைப் பார்த்து, இரு கைகளையும் தட்டித் தூசு உதறுவதுபோல் காட்டினார்.

ஷிப்ட் முடிந்தது. கூலி வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.