பேனா பூஜைக்கு வர்ற பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை



எஸ்பிஎம் நெருங்கிடுச்சு. நேத்து சாயந்திர பூஜையில அர்ச்சனைத் தட்டுல பூவைவிட பேனாவும் கால்குலேட்டரும்தான் அதிகம். பார்க்க சந்தோஷம். ஆனா தொண்டர்களாகிய நாங்க ஒண்ணு மனசு விட்டு சொல்லணும்.

போன தடவை முடிவு வந்ததும், நிறைய 'ஏ' எடுத்த பிள்ளைகளை மேடையேத்தி பொன்னாடை போர்த்தினோம். மூணு வருஷமா அன்னதானத்துல எங்களோட தட்டு கழுவின பையனை யாரும் கூப்பிடல. வரலாறு பாடத்துல தேறல. 2013லேர்ந்து வரலாறு தேறலன்னா எஸ்பிஎம் சான்றிதழே கிடையாது. அதுக்கப்புறம் அவன் கோவில் பக்கமே வரல. தேடிப் போனப்ப, "எல்லாரும் எத்தனை ஏன்னு கேப்பீங்கண்ணா"ன்னு தலையைக் குனிஞ்சான். அப்படிக் கேட்டவங்க நாங்கதான்.

யோசிச்சுப் பாருங்க. யுபிஎஸ்ஆர் 2021லயும் பிடி3 2022லயும் நின்னுபோச்சு. இப்ப பல பிள்ளைகளுக்கு எஸ்பிஎம்தான் முதல் பெரிய அரசாங்கத் தேர்வு. பயம் வராம இருக்குமா?

சாமி கும்பிட்டா மட்டும் போதும்னு நாங்க சொல்லல. 1982ல தொடங்கின ஸ்ரீ முருகன் நிலையம் பிள்ளைகளை பத்துமலைக்கு கல்வி யாத்திரை கூட்டிட்டுப் போகுது. ஆனா வருஷம் முழுக்க டியூஷனும் நடத்துது. வேண்டுதலும் வேணும், உழைப்பும் வேணும்.

பிள்ளைகளே, புத்தகத்தை மூடிட்டு, படிச்சதை நினைவுலேர்ந்து எழுதிப் பாருங்க. பழைய ஆண்டு கேள்வித்தாளை கடிகாரம் வெச்சு செய்யுங்க. தேர்வுக்கு முதல் நாள் ராத்திரி கண் முழிக்காதீங்க. தூங்காத மூளைக்குப் படிச்சதும் கைகொடுக்காது.

பெற்றோர்களே, பக்கத்து வீட்டுப் பிள்ளையோட ஒப்பிடாதீங்க. பரீட்சை முடிஞ்சு வந்ததும் "எப்படி எழுதின?"க்கு முன்னாடி "சாப்பிட்டியா?"ன்னு கேளுங்க. பிள்ளை சாப்பிடாம, தூங்காம, பேசாம ஒதுங்கினா சும்மா விடாதீங்க. பெஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929, 24 மணி நேரமும் பேசலாம்.

இந்த வாரத்துலேர்ந்து பூஜை முடிஞ்சதும் மண்டபம் ராத்திரி பத்து மணி வரைக்கும் படிக்கிறவங்களுக்குத் திறந்திருக்கும். மேசை, காத்தாடி, சூடா மைலோ எங்க பொறுப்பு. அந்தப் பையனும் மறுதேர்வுக்குப் படிக்க வர்றான். இந்த வருஷம் மேடையில தேர்வு எழுதின எல்லாப் பிள்ளைக்கும் மாலை. எத்தனை ஏன்னு நாங்க கேக்க மாட்டோம். நீங்களும் கேக்காதீங்க.

முருகன் துணை.