மஞ்சப்பைக்குள் மடித்த சட்டை

அந்தச் சட்டை இப்போதும் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. மஞ்சள் நிறம், முதுகில் தோனியின் 7. இடது தோளில் நாலு விரல் நீளம் கிழிந்ததை, தறியில் அறுந்த பாவு பிணைக்கிற வெள்ளை நூலால் அம்மாவே தைத்தாள். போட வேண்டியவன் துபாயில் இருக்கிறான்.

பெரியம்மா மகன் அவன், எனக்கு மூன்று வயது இளையவன். நாங்கள் அருப்புக்கோட்டையில் விசைத்தறிக்காரர்கள். பெரியம்மாவைக் கட்டிக்கொடுத்தது திருச்சுழிப் பக்கம், குண்டாற்றங்கரை ஊர் ஒன்றில். ஆறு என்று சொல்வதெல்லாம் வாய்ப்பழக்கம்தான். வருஷத்தில் பாதிக்கு மேல் மணலும் சீமைக்கருவேலமுமாகக் கிடக்கும். முழுப்பரீட்சை லீவுக்கு அங்கே போய் இறங்கினால், ஊருக்கு முன்னால் கரிமூட்டத்துப் புகை வந்து சேரும். அது துணியில் ஏறிவிட்டால் இரண்டு துவையலுக்குப் போகாது.

கண்மாய் வறண்டால்தான் எங்களுக்கு கிரவுண்டு. வெடிப்பு விட்ட தரையில் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று போட்டவனுக்கே தெரியாது. ஐப்பசியில் மழை பிடித்துக் கண்மாய் பெருகினால் பிட்ச் முங்கிவிடும். ஸ்டம்பைத் தூக்கிக்கொண்டு சோளத்தட்டை அறுத்த தரிசுக்கு இடம் மாறுவோம். திண்ணையில் உட்கார்ந்து பெரியப்பா மேகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். நாங்கள் இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை மேட்ச் முடிகிற வரைக்கும் வராதே என்று மனதுக்குள் அதே மேகத்திடம் சொல்லிக்கொண்டிருப்போம். அந்தப் பாவம் எங்களைத் தேடிச் சென்னைக்கே வந்தது என்று சில ராத்திரிகளில் நினைத்துக்கொள்வேன்.

2018 ஏப்ரல் 10, செவ்வாய்க்கிழமை. அப்போது அவன் அம்பத்தூரில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தான். நான் கணக்கு எழுதுகிற வேலையில் இருந்தேன். சூதாட்ட விவகாரத்தில் இரண்டு வருஷம் தடைபட்டிருந்த சென்னை சூப்பர் கிங்ஸ் திரும்பி வந்து சேப்பாக்கத்தில் ஆடப்போகிற முதல் ஆட்டம். எதிரே கொல்கத்தா. ராத்திரி முழுக்க வரிசையில் நின்று ஆளுக்கு 1,300 ரூபாய் கொடுத்து டிக்கெட் வாங்கியிருந்தான். அது அவனுக்கு மூன்று நாள் கூலி.

நகரம் வேறு மாதிரி கொதித்துக்கொண்டிருந்தது. பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் காவிரித் தீர்ப்பைச் சொல்லியிருந்தது. தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி., நடுவர் மன்றம் கொடுத்ததைவிட 14.75 குறைவு. ஆறு வாரத்துக்குள் செயல்திட்டம் வகுக்கச் சொன்னார்கள். மார்ச் 29 தாண்டியும் டெல்லி அசையவில்லை. டெல்டாவில் வயல் காய்கிறபோது சேப்பாக்கத்தில் விளக்குப் போட்டு ஆட்டமா என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி தப்பென்று அன்றும் நான் சொல்லவில்லை, இன்றும் சொல்லமாட்டேன். எங்களைப் போன்றவர்களிடம் அதற்குப் பதில் இல்லை, டிக்கெட்தான் இருந்தது.

பிரச்சினை இருக்கும் என்று தெரிந்து, என் மஞ்சள் சட்டையை மடித்து மஞ்சப்பைக்குள் வைத்துக்கொண்டேன். அவன் போட்டுக்கொண்டே வந்தான். “உள்ள போயி போட்டுக்கலாம்டா” என்றேன். “காசு குடுத்து வாங்குனதுண்ணே, ஒளிச்சு வைக்கவா வாங்குனேன்?” என்று சிரித்தான்.

அண்ணா சாலைப் பக்கம் கால் வைக்க இடமில்லை. கோஷமும் வெயிலும் போலீஸ் தடுப்பும் கறுப்புக்கொடியுமாக இருந்தது. சந்தொன்றில் புகுந்து வாலாஜா சாலைக்குத் திரும்பினோம், “மஞ்சச் சட்டைடா” என்று எங்கிருந்தோ ஒரு குரல், திரும்பிப் பார்ப்பதற்குள் ஏழெட்டுப் பேர் அவனைச் சூழ்ந்துவிட்டார்கள், ஒருவன் தோளைப் பிடித்து இழுத்தான், துணி கிழிகிற சத்தம் கேட்டது, வாயில் ஒரு அடி, முதுகில் ஒரு அடி, அவன் கையைத் தூக்கி முகத்தை மறைத்தான், அந்தக் கைமேல் ஒரு அடி, அவன் என்னைத் தேடினான், நான் நாலடி தள்ளி ஒரு ஜூஸ் கடைச் சுவரோடு ஒட்டி, மஞ்சப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். யாரோ என்னைப் பார்த்து, “கூட வந்தவனா?” என்று கேட்டார்கள். நான் தலையை ஆட்டினேன். இல்லை என்று ஆட்டினேன்.

அதை இதுவரை அவனிடம் சொன்னதில்லை.

விலக்கிவிட்டது ஒரு பெரியவர். தோளில் பச்சைத் துண்டு, நெற்றியில் வியர்வையோடு கரைந்து இறங்கிய திருநீறு, சவரம் செய்யாத வெள்ளைத் தாடி. காலில் செருப்பில்லை. கூட்டத்தில் அறுந்து போயிருக்க வேண்டும், சூட்டில் பாதம் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். “விடுங்கப்பா, சின்னப் பய” என்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நடுவில் புகுந்தார். அவரும் போராட வந்தவர்தான். கூட்டம் நகர்ந்ததும் அவனைத் திண்டில் உட்கார வைத்து, தன் பாட்டிலில் இருந்த தண்ணீரால் அவன் வாயைக் கழுவிவிட்டார். வெதுவெதுப்பான தண்ணீர், பாதி பாட்டில்தான் இருந்தது. அதில் வெற்றிலை வாசனை வந்தது.

“எந்த ஊருப்பா?”

“அருப்புக்கோட்டைங்கய்யா,” என்றேன், அப்போதுதான் பக்கத்தில் போய்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் சுவரோரம் நின்றதை அவர் கவனித்திருக்கிறார் என்று நினைக்கிறேன். எதுவும் கேட்கவில்லை. “அங்கெல்லாம் தண்ணி வருதா?” என்று மட்டும் கேட்டார். என்ன சொல்வது? எங்களுக்குக் காவிரி பாடப்புத்தகத்து ஆறு. தாமிரபரணியிலிருந்து குழாயில் வருவது பத்து நாளைக்கு ஒருதரம், நடுவில் காசு கொடுத்துக் குடத்தில் வாங்குவது. இதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் கோஷம் கேட்டு எழுந்து போய்விட்டார்.

திரும்பிப் போகலாம் என்றேன். “1,300 ரூவாண்ணே,” என்றான். போனோம். வாசலில் கறுப்புச் சட்டைக்காரர் ஒருவரை நிறுத்தி வைத்திருந்தார்கள். மஞ்சள் போட்டால் ரோட்டில் அடி, கறுப்பு போட்டால் வாசலில் தடை. உள்ளே, 2012-லிருந்து பூட்டிக் கிடந்த ஸ்டாண்டுகள் இருட்டாகப் பல் போன வாய் மாதிரி தெரிந்தன. கொல்கத்தாவின் ரசல் 11 சிக்சர் அடித்தார். நடுவில் எல்லைக்கோட்டில் நின்ற ஜடேஜா பக்கம் காலணி வந்து விழுந்தது. அன்று ஆட்டத்தில் இல்லாத டூ பிளெஸ்ஸியும் அந்தப் பக்கம்தான் இருந்தார். எங்கிருந்தோ வந்த வெளிநாட்டுக்காரர், அவருக்குக் காவிரி எந்தத் திசையில் ஓடுகிறது என்றுகூடத் தெரிந்திருக்காது. எறிந்தவருக்குத் தெரியும். ஆனால் அது ஆற்றில் போய் விழவில்லையே.

203 எடுக்க வேண்டும். பில்லிங்ஸ் 23 பந்தில் 56. கடைசி ஓவரில் ஜடேஜா அடித்த சிக்சரோடு ஜெயித்தோம். ஸ்டேடியமே விசிலடித்தது. எங்கள் கண்மாயில் இரண்டு விரலை வாயில் வைத்து அவன் விசிலடித்தால் அக்கரையில் ஆடு மேய்க்கிறவர் திரும்பிப் பார்ப்பார். அன்று விரலை வாய்க்குக் கொண்டுபோய், வீங்கிய உதட்டில் பட்டதும் இறக்கிக்கொண்டான்.

மறுநாளே மீதி ஆட்டங்கள் சென்னையில் இல்லை என்று அறிவித்தார்கள். அப்புறம் புனே என்றார்கள். சென்னையிலிருந்து விளையாட்டு எழுந்து புனேக்குப் போவது இது முதல் தரம் இல்லை. இலங்கை வீரர்களை அனுமதிக்க முடியாது என்று தமிழக அரசு சொன்னதால், 2013 ஆசிய தடகளப் போட்டியும் சென்னையிலிருந்து புனேக்குத்தான் போனது.

ரசிகர்களுக்காக ‘விசில்போடு எக்ஸ்பிரஸ்’ என்று ஒரு ரயில் விட்டார்கள். ஏப்ரல் 19, சென்ட்ரலிலிருந்து ஆயிரம் பேர் வரை. எனக்கு இடம் கிடைத்தது. அவன் வரமாட்டேன் என்றான். “அவுங்களே போயிட்டாங்க. நாம எதுக்குண்ணே பின்னாடியே போகணும்?” நான் போனேன். பாட்டும் மேளமுமாக ஆந்திரா தாண்டியது. ராய்ச்சூர், கர்நாடகம் வந்ததும் எங்கள் பெட்டியில் சத்தம் தானாக அடங்கிவிட்டது. ஜன்னலைச் சாத்தச் சொன்னார் ஒருவர். பிளாட்பாரத்தில் தண்ணீர் விற்ற பையன் எங்கள் சட்டையைப் பார்த்தான், பாட்டிலை நீட்டினான், காசை எண்ணி வாங்கிக்கொண்டான், அடுத்த ஜன்னலுக்குப் போய்விட்டான். அவ்வளவுதான் நடந்தது. ஒரு நாள் முழுக்கப் பயந்ததற்கு எனக்கே வெட்கமாக இருந்தது.

புனேயில் இன்னொன்று தெரிந்தது. அந்த ஸ்டேடியத்துப் புல்லுக்குப் பவனா ஆற்றுத் தண்ணீரை எடுக்கக் கூடாது என்று மும்பை உயர் நீதிமன்றம் தடை போட்டிருந்தது. இரண்டு வருஷம் முன்னால், 2016 வறட்சியில், அதே நீதிமன்றம் ஐ.பி.எல். ஆட்டங்களையே மகாராஷ்டிரத்தைவிட்டு வெளியே அனுப்பியது. அப்போது தோனி ஆடிக்கொண்டிருந்த புனே அணி விசாகப்பட்டினத்துக்குப் பெயர்ந்தது. தண்ணீர் இல்லாமல் ஒரு ஊர் அனுப்பியது, தண்ணீர்ச் சண்டையில் இன்னொரு ஊர் அனுப்பியது, இரண்டு தரமும் பெட்டி கட்டியது அதே மனிதர். வாட்சன் அன்று 106 அடித்தார். பக்கத்துச் சீட்டு மராத்திக்காரர் தமிழில் “விசில் போடு” என்று கத்தினார். நான் அவனுக்குப் போன் போட்டேன். அவன் எடுக்கவில்லை.

டொரண்டோவில் இருக்கும் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரிடம் பின்னால் இதைச் சொன்னபோது சிரித்தார். “எங்கட கியூபெக்காரர் இன்னும் அழுகினம்,” என்றார். கியூபெக் நகரத்து ஐஸ் ஹாக்கி அணி நோர்டிக்ஸ் 1995-இல் கட்டுப்படியாகாமல் டென்வருக்கு விற்கப்பட்டது. போன மறுவருஷமே புதுப் பெயரில் ஸ்டான்லி கோப்பையை ஜெயித்தது. வின்னிபெக் அணி 1996-இல் பனியைவிட்டு அரிசோனா பாலைவனத்துக்குப் போய், கால் நூற்றாண்டுக்கு மேல் அங்கே செயற்கைப் பனியில் ஆடி, 2024-இல் சால்ட் லேக் சிட்டிக்குப் பெயர்ந்தது. வறண்ட நிலத்தில் எதுவும் தங்காதுதான் போலிருக்கிறது, ஐஸ் ஹாக்கியாவது தங்கும் என்று எப்படி நம்பினார்களோ. கியூபெக் போலவே எங்களுக்கும் நடந்தது. வெளியூரில் ஆடிய அந்த வருஷம் சென்னைதான் கோப்பையை ஜெயித்தது.

ஆனால் அந்தக் கோப்பைக்கு ஐந்து நாள் முன்னால் மே 22 இருந்தது. நான் லீவில் வீட்டில் இருந்தேன். மதுரை–தூத்துக்குடி சாலை எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. மதியத்துக்கு மேல் தூத்துக்குடி பஸ்கள் அருப்புக்கோட்டையிலேயே நின்றுவிட்டன. பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண் இடுப்பில் பிள்ளையோடு கண்டக்டர் கண்டக்டராகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஸ்டெர்லைட் ஆலையை மூடச் சொல்லி நூறாவது நாள் ஊர்வலம் போனவர்கள்மேல் போலீஸ் சுட்டிருந்தது. பதின்மூன்று பேர் இறந்தார்கள். அன்று ராத்திரிதான் மும்பையில் முதல் தகுதிச் சுற்று. டூ பிளெஸ்ஸி நின்று ஆடி ஜெயிக்க வைத்தார். பக்கத்துத் தெருவில் ஒரே ஒரு வெடிச் சத்தம் கேட்டது. அப்பா தறியை நிறுத்திவிட்டு வெளியே வந்து பார்த்தார். “இன்னிக்குமா?” என்றார். யாருக்கும் கேட்டிருக்காது.

2019 மார்ச் 23-இல் அணி சேப்பாக்கத்துக்குத் திரும்பியது. முதல் ஆட்டம் பெங்களூரோடு, அவர்கள் 70 ரன்னுக்குச் சுருண்டார்கள். போராட்டம் எதுவும் இல்லை. அதற்குள் அவன் சென்னையை விட்டுவிட்டான். லேத் கம்பெனியில் ஆள் குறைத்தார்கள், ஏஜெண்டுக்குக் கட்ட பெரியம்மா நகையை வைத்தாள், அவன் துபாய்க்குப் போனான். புறப்படுகிற அன்று அந்தச் சட்டையை எடுத்துக்கொள்ளச் சொன்னோம். “அங்க யாருண்ணே இருக்கா, பாக்குறதுக்கு?” என்று வைத்துவிட்டுப் போனான்.

அப்புறம் கொரோனாவில் ஐ.பி.எல். அமீரகத்துக்கே போனது வேறு கதை. அணி அவன் இருக்கிற ஊருக்கு வந்தது. 2021 அக்டோபர் 15, துபாயில் இறுதி ஆட்டம், எதிரே அதே கொல்கத்தா. சென்னை 27 ரன்னில் ஜெயித்தது. டூ பிளெஸ்ஸி 86. நடு ராத்திரிக்கு மேல் அவனிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. ஒன்பது வினாடி. பேச்சே இல்லை, விசில் மட்டும்.

பத்திரமாக வைத்திருக்கிறேன். அதற்குப் பதிலாக வாலாஜா சாலையில் நான் தலையாட்டியதைச் சொல்லிவிடலாம் என்று மைக் பொத்தானை அழுத்தி அழுத்தி விட்டிருக்கிறேன். இதை எழுதியதும் அவனுக்குத்தான் முதலில் அனுப்பப்போகிறேன்.

போன மாதம் திருச்சுழி போயிருந்தேன். காவிரியை மாயனூரிலிருந்து 262 கிலோமீட்டர் கால்வாய் வெட்டிக் குண்டாற்றில் சேர்க்கப்போவதாக 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். கால்வாய் எங்கள் பக்கம் இன்னும் எட்டவில்லை. கண்மாய்க்குள் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

பச்சைத் துண்டுப் பெரியவரே, இது உங்கள் கண்ணில் படுமோ என்னவோ. அன்றைக்கு நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விட்டேன். இன்னும் வரலைங்கய்யா. அடிபட்டவன் என் தம்பி.