வானத்துக் கடிகாரங்களும் வழித்துணை நாதரும்

அமெரிக்க நாட்டின் பென்சில்வேனியா மாநிலத்தில், பிட்ஸ்பர்க் நகருக்குக் கிழக்கே பென் ஹில்ஸ் என்னும் ஊர் உள்ளது. அங்கே மரங்கள் அடர்ந்த குன்றின் சரிவில், வெண்ணிறக் கோபுரத்தின் கீழ் ஸ்ரீவேங்கடேஸ்வரப் பெருமாள் எழுந்தருளியிருக்கிறார். திருமலையை முன்மாதிரியாகக் கொண்டு, திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் உதவியுடன் எழுந்த இத்திருக்கோயிலுக்கு 1977 ஜூன் மாதம் பிரதிஷ்டை நிகழ்ந்தது. அதே ஆண்டு ஜூலை 4 அன்று நியூயார்க் நகரின் ஃபிளஷிங் பகுதியில் ஸ்ரீ மகா வல்லப கணபதி ஆலயத்துக்குக் குடமுழுக்கு நடந்தேறியது. ஃபிளஷிங்கில் விநாயகரை வணங்கிப் புறப்பட்டு, பிட்ஸ்பர்க்கில் பெருமாளைச் சேவிப்பது அங்குள்ள நம்மவர் பலர் விரும்பி மேற்கொள்ளும் யாத்திரை.

இரண்டு ஆலயங்களுக்கும் இடையே ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவு. காரில் செல்ல ஆறேழு மணி நேரமாவது ஆகும். நம் ஊரில் கண்ணாடியை இறக்கி, டீக்கடை வாசலில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் வழி தெரிந்துவிடும். அந்நாட்டு நெடுஞ்சாலையில் அது நடவாது. சாலையோரத்தில் மனித நடமாட்டமே இல்லை. நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்தவும் முடியாது. பிரிய வேண்டிய இடத்தைத் தவறவிட்டால், அடுத்த வெளிவழிவரை பல கிலோமீட்டர் போய்த்தான் திரும்ப வேண்டும். நடை சாத்தும் நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்னும் கவலை வேறு.

கைப்பேசியே வழிகாட்டியாக மாறுவதற்கு முன்பு, 2005-ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், இந்தக் கவலையைத் தீர்க்க வந்தது மடிக்கணினி. சாலை வரைபடங்கள் அடங்கிய மென்பொருளைக் குறுந்தகட்டிலிருந்து அதில் ஏற்றிக்கொள்வார்கள். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஸ்ட்ரீட்ஸ் அண்ட் டிரிப்ஸ், டெலார்ம் நிறுவனத்தின் ஸ்ட்ரீட் அட்லஸ் ஆகியவை அந்நாளில் பெயர் பெற்றவை. கையடக்கமான ஜி.பி.எஸ். ரிசீவர் ஒன்றைக் காரின் முன்கண்ணாடிக்கு அருகே வானம் தெரியும்படி வைத்து, அதன் கம்பியைக் கணினியில் செருகிவிட்டால், கார் இருக்கும் இடம் திரையில் ஒரு சிறு குறியாகத் தோன்றும். கார் நகர நகரக் குறியும் நகரும். இணைய இணைப்பு தேவையில்லை. மின்சாரத்துக்கு மட்டும், சிகரெட் லைட்டர் செருகும் துளையில் ஓர் இன்வெர்ட்டரை மாட்டிக்கொள்ள வேண்டும்.

ஆனால் வண்டி ஓட்டுபவர் அந்தத் திரையைப் பார்க்கலாகாது. முன்னிருக்கையில் அமர்ந்தவரின் மடியில் கணினியை வைப்பதும் நல்லதல்ல. விபத்து நேர்ந்து காற்றுப்பை விரிந்தால் கணினியே ஆளைத் தாக்கிவிடும். ஆகவே அது போய்ச் சேர்ந்த இடம் பின்னிருக்கை. அங்கே அமர்ந்திருப்பவர் யார்? பேரன் பேத்தியைக் காண விமானமேறி வந்த தாத்தாவும் பாட்டியும்தான்.

அயல்நாட்டில் பிள்ளைகள் வீட்டுக்குச் செல்லும் முதியோர் பலருக்கும் உள்ளூர ஒரு குறை உண்டு. கடைக்குப் போகவும் மகன் வேண்டும். கோயிலுக்குப் போகவும் மருமகள் வேண்டும். ஊரில் பத்துப் பேருக்கு வழி சொன்னவர், அங்கே பிறர் கைபிடித்து நடக்க வேண்டியிருக்கிறது. அத்தகையவரின் மடியில் கணினி ஏறி அமர்ந்ததும், காருக்குள் அவருக்கு ஓர் அதிகாரம் வந்துவிடுகிறது. "இன்னும் ரெண்டு மைல்லே பிரியணும்ப்பா, இப்பவே வலது ஓரமா வந்துடு" என்று தந்தை சொல்ல, மகன் மறுபேச்சின்றித் தடம் மாறுகிறான்.

நியூயார்க்கின் பாலங்களைக் கடந்து, நியூஜெர்சி வழியாக 78-ஆம் எண் நெடுஞ்சாலையில் மேற்கே சென்றால் டெலவேர் ஆறு குறுக்கிடும். அக்கரை பென்சில்வேனியா. பின்னர் 81-ஆம் எண் சாலையில் சேர்ந்து, ஹாரிஸ்பர்க் அருகே அகன்ற சஸ்குவஹானா ஆற்றைக் கடக்க வேண்டும். அதன்பின் கார்லைல் என்னும் ஊருக்கருகே புதியவர்கள் தடுமாறும் ஓரிடம் வருகிறது. நெடுஞ்சாலையும் சுங்கச்சாலையும் அங்கே நேரடியாக இணைவதில்லை. இடையில் சரக்கு வண்டிகளும் போக்குவரத்து விளக்குகளும் நிறைந்த சாதாரணச் சாலையில் சிறிது தூரம் போக வேண்டும். வழி தவறிவிட்டதோ என்று மகன் தயங்கும் அவ்விடத்தில், திரையைப் பார்த்துத் தந்தை சொல்லும் ஒரு சொல் பெரும் துணை.

பென்சில்வேனியா டர்ன்பைக் எனப்படும் அச்சுங்கச்சாலை 1940 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்டது. மேற்கு நோக்கிச் செல்வோர் அதில் நான்கு மலைச் சுரங்கங்களைக் கடக்க வேண்டும். ப்ளூ மவுண்டன், கிட்டட்டின்னி இரண்டும் அடுத்தடுத்து வரும். பிறகு டஸ்கரோரா. நெடுந்தூரம் சென்றபின் அல்லகேனி; அதன் நீளம் மட்டும் 6,070 அடி.

முதல் சுரங்கத்தில் நுழைந்ததும் திரையிலுள்ள குறி மலையின் வாயிலிலேயே நின்றுவிடுகிறது. கார் ஓடுகிறது, குறி ஓடவில்லை. "ஒண்ணுமே காட்டலையேப்பா" என்று பதறுகிறார் பெரியவர். "மலைக்குள்ளே வானம் தெரியாதேப்பா. வெளியே போனதும் தானே காட்டும்" என்கிறான் மகன். அப்படியே ஆகிறது. நான்காவது சுரங்கம் நெருங்கும்போது பெரியவரே முந்திக்கொள்கிறார்: "மலை வருது, விளக்கைப் போட்டுக்கோ. உள்ளே நான் சொல்ல ஒண்ணுமில்லே. நேரா போ."

வானம் மறைந்தால் வழி மறைவது ஏன்? பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் நாளைக்கு இருமுறை உலகை வலம் வருகின்றன. எங்கும் எப்போதும் சேவை கிடைக்கக் குறைந்தது 24 கோள்கள் வேண்டும் என்பது அவ்வமைப்பின் கணக்கு. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரங்கள் உண்டு. அவை "இப்போது மணி என்ன, இப்போது என் இடம் எது" என்று இடையறாது அறிவித்துக்கொண்டேயிருக்கும். அந்தச் செய்தி வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு, கோளுக்கும் தனக்கும் உள்ள தூரத்தை ரிசீவர் கணக்கிடுகிறது. நான்கு கோள்களின் செய்தி கிடைத்தால் தன் இருப்பிடத்தை அறிந்துகொள்ளும். நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் கணக்கு 300 மீட்டர் தவறிவிடும். 2000 மே மாதத் தொடக்கம் வரை, பொதுமக்களுக்கான அலையில் அமெரிக்க அரசே ஒரு பிழையைக் கலந்து வைத்திருந்தது. அது நீக்கப்பட்ட பிறகுதான், நெருங்கிய இரு சாலைகளில் கார் எதில் போகிறது என்பதைத் திரை நம்பிக்கையோடு காட்டலாயிற்று.

காலத்தைக் கொண்டு வழி காட்டும் இந்த ஏற்பாட்டைக் கேட்டால், தமிழகத்து அன்பர்களுக்கு விரிஞ்சிபுரம் நினைவுக்கு வரும். வேலூருக்கு மேற்கே, பாலாற்றங்கரையில் அமைந்த அத்தலத்தில் ஈசனின் திருநாமம் மார்க்கபந்தீஸ்வரர். தமிழில் வழித்துணை நாதர். கள்வருக்கு அஞ்சிய மிளகு வணிகர் ஒருவருக்குத் துணையாக இறைவனே உடன் நடந்தார் என்பது தலவரலாறு. அப்பைய தீட்சிதர் அருளிய மார்க்கபந்து ஸ்தோத்திரத்தைப் பயணம் புறப்படுமுன் ஓதும் வழக்கம் இன்றும் பல இல்லங்களில் உண்டு. அதே ஆலயத்தின் பிராகாரத்தில் காலம் காட்டும் கல் ஒன்றும் இருக்கிறது. அதன் குழியில் ஒரு குச்சியை வைத்தால், நிழல் விழும் இடத்தைக் கொண்டு மணியை அறியலாம். அதற்கும் வானம் தெளிவாகத் தெரிய வேண்டும்.

அந்தத் தலவரலாற்றில் ஈசன் வணிகரைத் தூக்கிக்கொண்டு போகவில்லை, கூட நடந்தார். நடந்தவர் வணிகர்தாம். கருவியின் நிலையும் அதுவே. 'நீ இருக்கும் இடம் இது' என்று மட்டுமே செயற்கைக்கோள்களால் சொல்ல முடியும். சேர வேண்டிய இடத்தைப் புறப்படுமுன் நாம்தான் எழுதித் தர வேண்டும். வரைபடமும் குறுந்தகடு வாங்கிய ஆண்டுக்கு உரியது. புதிதாய்ப் போட்ட சாலை அதில் இராது. ஆகவே திரையையும் சாலைப் பலகையையும் மாறி மாறிப் பார்த்து ஒப்பிட ஒரு மனிதக் கண் தேவைப்பட்டது.

மன்ரோவில் வெளிவழியில் சுங்கச்சாலையை விட்டு இறங்கி, குடியிருப்புத் தெருக்களில் திரும்பித் திரும்பி மேலேறினால், மரங்களுக்கு மேலே வெள்ளைக் கோபுரம் தெரிகிறது. அதன்பின் எவரும் திரையைப் பார்ப்பதில்லை. நடை திறந்திருக்கிறது. பெருமாளுக்கு இருபுறமும் பத்மாவதித் தாயாரையும் ஆண்டாளையும் தனிச் சந்நிதிகளில் சேவித்து, புளியோதரைப் பிரசாதத்துடன் அமரும்போது, "அப்பா இல்லேன்னா கார்லைல்லேயே சுத்திக்கிட்டு இருந்திருப்போம்" என்று மகன் சொல்லக்கூடும். அவ்வளவு தூரம் வந்த களைப்பு பெரியவருக்கு அச்சொல்லிலேயே தீர்ந்துவிடும்.

இன்று கைப்பேசி ஓட்டுநரிடமே நேராகப் பேசிவிடுகிறது. பின்னிருக்கையில் இருப்பவர் கண்ணயர்ந்தாலும் கார் போய்ச் சேர்ந்துவிடும். ஆயினும் புறப்படுமுன் ஒரு முறை பெரியவர்களிடம் வழியைக் காட்டி, எந்த ஆறு, எந்த மலை, எந்த ஊர் என்று பேசிக்கொண்டு செல்லும் குடும்பங்கள் உண்டு. அவர்கள் செல்லும் வழியெங்கும் விரிஞ்சிபுரத்து நாதர் துணையிருப்பாராக!