ஒரு வார்த்தை பேசாத கூட்டம்

பறவை வளர்க்கிறோம் என்று தெரிந்தால் வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "பேசுமா?" மதுரையில் நாங்கள் குடியிருந்த வீட்டின் முற்றத்துக் கூண்டில் லவ் பேர்ட்ஸ் ஒரு கூட்டம், காக்டெயில் ஒரு சோடி, ஜாவா குருவி ஒரு சோடி இருந்தன. ஒன்றும் ஒரு வார்த்தை பேசியதில்லை. இத்தனைக்கும் கலிபோர்னியாவில் 'பக்' என்ற லவ் பேர்ட் 1728 சொற்களைக் கற்றுக்கொண்டு கின்னஸில் இடம்பிடித்திருக்கிறது. தனியாக வளரும் பறவைக்கு வீட்டு மனிதர்கள்தான் உறவு; அதனால் அவர்களுடைய பேச்சைப் பிடித்துக்கொள்ளும். எங்கள் கூண்டில் பேச்சுத் துணைக்குப் பஞ்சமில்லை. நாங்கள் தினை போடுகிற ஆட்கள், அவ்வளவுதான்.

அந்த ஆள்வேலை லேசானதில்லை. லவ் பேர்ட்ஸ் தினையை உரித்துத் தின்றுவிட்டு உமியைக் கிண்ணத்திலேயே விட்டுவிடும். பார்த்தால் கிண்ணம் நிறைந்திருக்கும். ஊதினால்தான் அடியில் ஒன்றுமில்லை என்பது தெரியும். காலையில் ஊதுவது என் பொறுப்பு. ஊதிய உமி வடகத்தில் ஒட்டும், அப்பாவின் ஈரச் சட்டையில் ஒட்டும், காபியில் மிதக்கும். சிதறிய தினை துளசித் தொட்டியில் முளைத்துக் கதிர்விட்டது. "இந்த வருஷம் நமக்கு வெள்ளாமை பரவாயில்ல" என்றாள் அம்மா. காக்டெயில் இறகிலிருந்து உதிரும் வெள்ளைப் பொடி தனிக் கணக்கு. காலையில் துடைத்த டிவியின்மேல் மாலையில் விரலால் பெயர் எழுதலாம்.

சண்டைக்கும் குறைவில்லை. முட்டையிட மண்கலயங்கள் வரிசையாகத் தொங்கும். எத்தனை காலியாக இருந்தாலும் பெட்டைகளுக்கு மூலையில் இருந்த அந்த ஒரு கலயம்தான் வேண்டும். வென்றவள் உள்ளே போய் ஒருநாள் விட்டு ஒருநாள் முட்டையிடுவாள். ஒவ்வொன்றும் பொரிய ஏறக்குறைய 18 நாள் என்பதால், மூத்தது இறகு முளைத்து நிற்கும்போது கடைக்குட்டி கண்கூடத் திறந்திருக்காது. ஆண் வெளியே நின்று அவளுக்கு ஊட்டும். ஓய்ந்த நேரத்தில் கூண்டில் தொங்கும் மணிக்கும் ஊட்டப் பார்க்கும். சுண்ணாம்புச் சத்துக்காக நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை வாங்கிக் கட்டியிருந்தோம். பெட்டைகள் அதை விட்டுவிட்டு, கம்பிக்கு எட்டிய தேதிக் காலண்டரைக் கொறித்தன. ஆவணி மாதத்து முகூர்த்த நாள்களை யாரிடமாவது போய்க் கேட்கவேண்டியதாயிற்று.

குளியல்தான் பெரிய வேடிக்கை. கொத்தமல்லிக் கட்டை நனைத்து உள்ளே வைத்தால் லவ் பேர்ட்ஸ் ஈர இலையில் புரண்டு புரண்டு குளிக்கும். ஜாவாக்களுக்கு அந்த நாசூக்கெல்லாம் கிடையாது. குடிநீரை மாற்றிய கையோடு சோடியாக அதில் இறங்கிவிடும். அம்மா மிக்ஸி போட்டால் போதும், கூண்டு மொத்தமும் மிக்ஸியை அடக்கப் பார்க்கும். சட்னி அரைத்து முடியும்வரை யாரும் யாரோடும் பேசமுடியாது.

எங்களிடமிருந்து அவை எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று, அப்பாவின் சீட்டி. ஸ்கூட்டரை வாசலில் நிறுத்தி, கேட்டைத் திறக்கச் சொல்லி அவர் அடிக்கும் சீட்டியை ஆண் காக்டெயில் அச்சுப் பிசகாமல் பிடித்துக்கொண்டது. அம்மா ஈரக்கையோடு ஓடுவாள், வாசலில் யாருமிருக்க மாட்டார்கள். பிறகு ஓடுவதை நிறுத்திவிட்டாள். அப்பா உச்சிவெயிலில் நின்று சீட்டியடித்தபடியே இருப்பார். உள்ளேயிருந்து காக்டெயில் மட்டும் பதில் சொல்லும்.

சென்னையில் அடுக்குமாடிக்கு மாறியபோது, பறவை வளர்க்கும் ஒருவரிடம் கூட்டத்தைப் பிரிக்காமல் கொடுத்துவிட்டு வந்தோம். இப்போது வீடு சுத்தமாக இருக்கிறது. இங்கே எல்லாமே என்னைப் பார்த்தபடியே இருக்கின்றன: போன் என்னைக் கூப்பிடுகிறது, டிவி எனக்கு எது பிடிக்கும் என்று ஊகிக்கிறது. மதுரை முற்றத்தில் அப்படியில்லை. எதிரே நாற்காலி போட்டு மணிக்கணக்காக உட்கார்ந்தாலும் எவரும் என்னைச் சட்டை செய்யமாட்டார்கள். அவரவருக்குக் கலயத் தகராறு, குளியல், பிள்ளை வளர்ப்பு. இன்னொரு ஊரின் பிழைப்பை ஓரமாக உட்கார்ந்து பார்க்கும் அந்தச் சுகத்துக்குத்தான் மனம் ஏங்குகிறது.

கைப்பழக்கிய குஞ்சு ஒன்று வாங்கிக்கொள்ளலாமே, பேச்சும் கற்றுக்கொள்ளும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். பகல் முழுக்கப் பூட்டிய வீட்டில் அது யாரோடு பேசும்? அதுவும் காக்டெயில் நன்றாக வளர்த்தால் 15, 20 வருஷம் இருக்கும். வளர்த்தால் கூட்டமாக, வெயில் படும் இடத்தில் வளர்க்கவேண்டும். அதனால் முற்றம் வைத்த வீடு வாடகைக்குத் தேடிக்கொண்டிருக்கிறேன். முற்றம் எதற்கு என்று கேட்கிறார்கள். உண்மையைச் சொன்னதும் போனை வைத்துவிடுகிறார்கள்.