துணிவுக்கும் கணக்கு வேண்டும்



"வரைந்துகொண்டே இருந்தால் வயிறு நிரம்புமா, ஐயா?" பிள்ளை ஓவியத்திலோ இசையிலோ திறமை காட்டும்போது பெற்றோர் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. அறியாமையால் எழும் கேள்வி என்று இதை ஒதுக்கிவிட முடியாது. தோட்டத்தில் செக்ரோலில் பெயர் இருந்தால்தான் அடுப்பு எரியும் என்று வாழ்ந்தவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். மாதம் தவறாத சம்பளம் என்பது அவர்கள் தம் பிள்ளைகளுக்காகக் கண்ட கனவு.

எனினும், அதே வரலாறு இன்னொரு செய்தியையும் சொல்கிறது. 1950, 60-ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது வேலையோடு குடியிருந்த வீடும் பறிபோயிற்று. பாதுகாப்பு என்று நம்பியதே கைவிட்டது. அந்நிலையில்தான் துன் வீ.தி. சம்பந்தன் முன்னின்று 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர்கள் சிறு சிறு தவணையாகச் செலுத்திய பங்குப் பணத்தைக் கொண்டு தோட்டங்கள் வாங்கப்பட்டன. கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம் அவற்றுள் முதலாவது. ஆகவே, துணிந்து பணம் போடுவது நம்மவர்க்குப் புதிதன்று. தம்மால் தாங்கக்கூடிய அளவில், பலர் சேர்ந்து போட்டார்கள் என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

கலையைத் தொழிலாகக் கொள்வோருக்கும் இதுவே பொருந்தும். நாடறிந்த கேலிச்சித்திர ஓவியர் லாட்டை எடுத்துக்கொள்வோம். பேராக்கில் ஒரு கம்பத்தில் 1951-இல் பிறந்தவர். பதின்மூன்று வயதிலேயே அவருடைய சித்திரக்கதை அச்சேறியது. ஆயினும், பள்ளிப் படிப்பை முடித்தவுடன் தூரிகையை மட்டும் நம்பி அவர் இறங்கிவிடவில்லை. நாளிதழ் நிறுவனத்தில் குற்றச் செய்தியாளராகச் சேர்ந்தார். 1974-இல் அங்கேயே கேலிச்சித்திர ஓவியரானார். 1979-இல் 'கம்போங் பாய்' நூல் வெளிவந்து அவர் புகழை நிலைநாட்டியது. 1984-இல்தான் சம்பள வேலையை விட்டுத் தனித்து இயங்கத் தொடங்கினார். அதன் பிறகும் அதே நாளிதழுக்கு வரைந்து வந்தார். நேற்றைய முதலாளி இன்றைய வாடிக்கையாளர் ஆனார். வெளியிலிருந்து பார்ப்போருக்கு அது ஒரே நாளில் எடுத்த முடிவாகத் தோன்றலாம். அதற்குப் பின்னால் பத்தாண்டுக்கும் மேற்பட்ட உழைப்பு இருந்தது.

என்னிடம் ஆறாம் ஆண்டு பயின்ற மாணவி ஒருவர் இன்று ஓவியம் வரைந்தே வாழ்கிறார். அச்சகம் ஒன்றில் வேலை செய்துகொண்டே, இரவு வேளைகளில் வாழ்த்து அட்டைகளும் திருமண அழைப்பிதழ்களும் வரைந்தார். தொடர்ந்து வேலை தரும் வாடிக்கையாளர் இருவர் அமைந்து, அரையாண்டுச் செலவுக்குப் பணமும் சேர்ந்த பிறகே அச்சகத்தை விட்டார். அவருடைய தந்தை சில வாரம் பேசவேயில்லையாம்.

முதல் தீபாவளிக்கு வேலை குவிந்தது. பொங்கல் கழிந்ததும் இரண்டு மாதம் எதுவும் வரவில்லை. சேமிப்பு அப்போதுதான் கைகொடுத்தது. அதைவிடப் பெரிய அடி வேறொரு வகையில் வந்தது. ஒரு கடைக்காக அவர் வரைந்த அட்டைப் படங்கள் மறு ஆண்டு குவளைகளிலும் துணிப்பைகளிலும் அச்சாகி விற்பனைக்கு வந்தன. அவருக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. நம் நாட்டின் 1987-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் படைக்கப்படும் படைப்பின் உரிமை, மாறான ஒப்பந்தம் இல்லையெனில், வேலையைக் கொடுத்தவருக்கே சேரும். எழுத்தில் எதுவும் இல்லாததால் அவரால் கேட்கவும் முடியவில்லை. இப்போது எந்த வேலைக்கும், எதற்காக, எவ்வளவு காலத்திற்குப் படம் பயன்படும் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையொப்பம் வாங்கிய பின்னரே வரைகிறார். தந்தையார்தாம் இன்று அந்தத் தாள்களையெல்லாம் கோப்பில் அடுக்கி வைக்கிறாராம்!

வருமானம் நின்றுபோகுமோ என்ற ஆபத்தை மட்டுமே நாம் பார்க்கிறோம். அறியாமல் இழக்கும் உரிமை கண்ணுக்குத் தெரிவதில்லை. இன்னொன்றும் உண்டு. மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தில் தனியுடைமை வணிகத்தைப் பதிவது எளிது. சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் 60 ரிங்கிட். ஆனால், தனியுடைமையில் வணிகத்தின் கடன் உரிமையாளரின் கடனேயாகும். கடன்பட்டுக் கருவிகள் வாங்குவதற்கு முன் இதை உணர வேண்டும். சுயதொழில் செய்வோருக்கு 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி சொக்சோ பாதுகாப்பு உண்டு. வாடகைக்கார் ஓட்டுநர்களுக்கென்று தொடங்கிய இத்திட்டம் பின்னர்க் கலைத்துறையினருக்கும் விரிவாக்கப்பட்டது. ஊழியர் சேமநிதியிலும் விருப்பச் சந்தா செலுத்தலாம். முதலாளி இல்லாதவர் இவற்றையெல்லாம் தமக்குத் தாமே செய்துகொள்ள வேண்டும்.

திருவள்ளுவர் 'தெரிந்து செயல்வகை' என ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். போவது எது, வருவது எது, இறுதியில் நிற்பது எது என்று எண்ணிச் செய்யச் சொல்கிறார். வரப்போகும் ஆதாயத்தை எண்ணிக் கையிலுள்ள முதலை இழப்பது அறிவுடையார் செயலன்று என்கிறார். துணிவை அவர் தடுக்கவில்லை. கணக்கோடு துணியச் சொல்கிறார்.

ஆசிரிய நண்பர்களே, நாள் பாடத்திட்டத்தில் விரவிவரும் கூறுகளுள் ஒன்றாகத் 'தொழில் முனைப்பு' என்று எழுதுகிறோம். பள்ளிச் சந்தை நாளில் மாணவர் தாம் செய்த அட்டையை இரண்டு ரிங்கிட்டுக்கு விற்றால் கைதட்டுகிறோம். அத்தோடு நில்லாமல், தாளுக்கு எவ்வளவு, வண்ணத்திற்கு எவ்வளவு, எத்தனை மணி நேரம் உழைத்தாய், மீதம் என்ன என்று கேட்டு எழுத வைப்போமே! கணிதப் பாடமும் ஆயிற்று, வாழ்க்கைப் பாடமும் ஆயிற்று.

பெற்றோர்களே, வளர்ந்த பிள்ளை சம்பள வேலையை விட்டுச் சொந்தமாகச் செய்யப்போகிறேன் என்று வந்து நின்றால், வேண்டாம் என்று சொல்வதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். எத்தனை மாதச் செலவு கையில் இருக்கிறது? இப்போதே பணம் கொடுக்கும் வாடிக்கையாளர் எத்தனை பேர்? எவ்வளவு இழந்ததும் நிறுத்திக்கொள்வாய்? விடை தெரிந்த பிள்ளையைத் தடுக்காதீர்கள். விடை தெரியாத பிள்ளையையும் விரட்டிவிடாதீர்கள். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு, அருகில் அமர்ந்து கணக்குப் போடுங்கள்.