நடந்துதானே வந்தாய்?

நம் தமிழ்த்துறை மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று துறைத்தலைவர் அவர்கள் கேட்டபோது, பணி ஓய்வு பெற்றவன் என்னும் உரிமையில், இலக்கிய ஆய்வுக்கு மாறாக என் கால்களைப் பற்றி எழுத இசைவு வேண்டினேன். அவர் சிரித்தார்; இசைந்தார். ஆகவே மாணவச் செல்வங்கள் இதில் மேற்கோள்களைத் தேட வேண்டா. 2025ஆம் ஆண்டுத் தை மாதத்தில், கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலை வழியே கருமந்துறை வரை மூன்று நாள் தனியே நடப்பது என்று திட்டமிட்டுப் புறப்பட்டேன். அந்நடையின் இரண்டாம் நாளை மட்டும் இங்கே எழுதுகிறேன். முதல் நாள் சமவெளி. மூன்றாம் நாள் நடக்கவேயில்லை.

முதல் நாளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வரை கரும்பும் நெல்லும் மரவள்ளியும் மாறி மாறி வரும் சாலை. கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையை நோக்கி வரிசை கட்டிச் சென்றன. பின்னால் தொங்கும் ஒரு கரும்பை உருவிக்கொண்டு ஓடும் சிறுவர்களை ஓட்டுநர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை; அது ஒரு வழக்காகவே ஆகிவிட்டது போலும். குறிச்சி என்பது குறிஞ்சி நிலத்து ஊரின் பெயர் என்று முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் சொல்லியிருக்கிறேன். அந்தச் சொல்லின் பொருள் விளங்க, அவ்வூரிலிருந்து மேற்கே நடந்து, வானத்தின் அடியில் நீலக்கோடாகத் தெரியும் மலை மெல்லமெல்லப் பச்சையாவதைப் பார்க்க வேண்டியிருந்தது.

இரவு கச்சிராயபாளையத்தில் நண்பர் ஒருவர் வீட்டில் தங்கினேன். வைகறைத் தொழுகையை முடித்துக்கொண்டு, ஐந்தே முக்கால் மணிக்குப் புறப்பட்டேன். தோளில் ஒரு துணிப்பை. அதில் வேர்க்கடலை, பேரீச்சம்பழம், தண்ணீர், ஒரு மாற்றுச்சட்டை. கையில் குடை. தேநீர்க் கடைக்காரர் என் தாடியையும் பையையும் பார்த்துவிட்டு, "பாய், வெள்ளிமலை பஸ் வரும், உட்காருங்க" என்றார். நடந்து போகிறேன் என்றேன். அவர் பாலை ஆற்றுவதை நிறுத்திவிட்டு, "ஏதாவது நேர்ச்சையா?" என்று கேட்டார். இல்லை என்றதும் அவருக்கு ஏமாற்றமாகப் போயிற்று. நேர்ச்சை என்றால் அவருக்கு விளங்கியிருக்கும்.

கோமுகி அணைக்குச் சென்றபோது கிழக்கு வெளுத்திருந்தது. அணையின் முழு உயரம் 46 அடி. கல்படை, பொட்டியம் முதலான மலையோடைகளின் நீர் இங்கே வந்து தேங்கி, வயல்களுக்குப் பாய்ந்தது போக எஞ்சியது வெள்ளாற்றோடு சேர்ந்து பரங்கிப்பேட்டையில் கடலைக் காண்கிறது. பரங்கிப்பேட்டையிலிருந்து நம் கல்லூரிக்கு வந்து பயின்ற மாணவர் பலரை நான் அறிவேன். அவர்கள் ஊர்க் கழிமுகத்தில் கலக்கும் நீரில் ஒரு பங்கு எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளும் அவர்களிடம் சொன்னதில்லை, எனக்கே தெரியாது. அணைக்கரையில் ஒரு கல்லில் அமர்ந்து நான்கு பேரீச்சம்பழம் தின்றேன். நீரில் மலையின் நிழல் கிடந்தது.

அடிவாரத்துச் சோதனைச் சாவடியில் ஒரு காவலர் என் பையைத் திறந்து பார்த்தார். அதில் எனக்கு வருத்தமில்லை. 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதன் பின்னர் இம்மலையின் பெயர் நாளேடுகளில் வராத நாளில்லை. சென்னை உயர்நீதிமன்றம், இம்மலை மக்களின் வாழ்நிலையைக் குறித்துத் தானே முன்வந்து வழக்கொன்றை எடுத்துக்கொண்டதும் அவ்வாண்டில்தான். ஐம்பது வயதைக் கடந்த ஒருவன் பேருந்தில் போகாமல் மலைக்கு நடந்து போகிறான் என்றால் காவலர் ஐயுறத்தானே வேண்டும்? வேர்க்கடலையைக் கண்டதும் ஐயம் தீர்ந்தது. "மேலே தண்ணி கிடைக்கும் சார், பார்த்துப் போங்க" என்று அனுப்பி வைத்தார்.

அங்கிருந்து ஏற்றம் தொடங்குகிறது. இரு மருங்கும் காடு. மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரிகள் கீழ்நோக்கி உறுமி வந்தன. ஒவ்வொரு வளைவிலும் அவை ஒலிப்பானை அழுத்த, நான் குடையைப் பிடித்தபடி ஓரத்துக் கல்லில் ஒதுங்கி நின்றேன். மேலே செல்லும் வண்டிகளோ என்னைக் கண்டதும் நின்றன. பால்காரர் ஒருவர், காய்கறி வண்டிக்காரர் ஒருவர், மோட்டார் சைக்கிளில் ஓர் இளைஞர் என மூவர் ஏறிக்கொள்ளச் சொன்னார்கள். மூவரிடமும் மறுத்தேன். அன்போடு அழைப்பவரிடம் காரணமின்றி மறுப்பது எத்துணைக் கடினம் என்பதைத் தனிவழி நடப்பவர் அறிவர்.

காரணம் இல்லாமலில்லை. வளைவுகளில் மூச்சு வாங்கி நின்றபோதெல்லாம் அது என்னுடன் நின்றது.

கல்லூரிப் பணிக்கு வருமுன், 1992 முதல் 1994 வரை, இம்மலையடிவாரத்துப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியனாக இருந்தேன். பள்ளியின் பெயர் வேண்டா. பள்ளியின்மீது பிழை ஏதும் இல்லை. பதினோராம் வகுப்பில் மலையிலிருந்து வந்த மாணவன் ஒருவன் இருந்தான். வார நாட்களில் அடிவாரத்தில் ஓர் உறவினர் வீட்டில் தங்குவான். வெள்ளி மாலை மலையேறிப் போவான்; வீட்டிலிருந்து சாமையும் கேழ்வரகும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு திங்கட்கிழமை வருவான். திங்கள் முதல் பாடவேளை என்னுடையது. ஒவ்வொரு திங்களும் அவன் தாமதம்.

அன்று பத்துப்பாட்டு நடத்திக்கொண்டிருந்தேன். ஆற்றுப்படை நூல்கள் ஐந்து, அவற்றுள் செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் கூத்தரை வழிப்படுத்துவது மலைபடுகடாம், 583 அடிகள். அந்தச் செங்கண்மாவாகிய செங்கம், நாங்கள் இருந்த இடத்திலிருந்து இதே மலைத்தொடரின் வடபுறத்தில் இருக்கிறது என்று பெருமையோடு சொன்னேன். மலைவழியில் விலங்குகளுக்கு வெட்டிய குழிகள் இருக்கும், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் வந்து விழும், பாறை வழுக்கும், இன்னின்ன இடத்தில் இப்படி இப்படி நடந்து செல்க என்று புலவர் எவ்வளவு பரிவோடு வழி சொல்கிறார் என விரித்துரைத்துக்கொண்டிருந்த வேளையில் அவன் வாயிலில் வந்து நின்றான். முழங்கால்வரை புழுதி. தோளில் மூட்டை.

"ஏன் தாமதம்?" என்றேன்.

"நடந்து வந்தேன் ஐயா."

"நடந்துதானே வந்தாய்? கொஞ்சம் முன்னே புறப்பட்டால் என்ன?"

வகுப்பு சிரித்தது. நானும் என் சொல்லை இரசித்தேன் என்பதை மறைப்பதற்கில்லை. பாடவேளை முடியும் வரை வெளியே நிற்குமாறு சொன்னேன். மூட்டையை இறக்கி வைக்கச் சொல்லத் தோன்றவில்லை, அவனும் இறக்கவில்லை. அடுத்த திங்கள் அவன் வரவில்லை. அதற்கடுத்த திங்களும் வரவில்லை. பிறகு வருகைப் பதிவேட்டில் அவன் பெயரின்மேல் ஒரு சிவப்புக் கோடு விழுந்தது. அதைக் கிழித்ததும் நானே.

அவன் நின்றுபோனதற்கு அந்தச் சொல் ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். வீட்டு வறுமை இருந்திருக்கலாம், வேறு எதுவும் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது என்பதே என் குற்றம்.

பெரியார் அருவியை அடைந்தபோது நண்பகல் ஆகிவிட்டது. மழை நின்று நாளாகியதால் நீர் மெலிந்து விழுந்தது. காலணியைக் கழற்றினால் இரண்டு குதிகால்களிலும் கொப்புளம். குளிர்ந்த நீரில் காலை வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தேன். மலைவாசி முதியவர் ஒருவர், அறுத்த புல்லுக்கட்டை இறக்கி வைத்துவிட்டு அருகில் வந்து உட்கார்ந்தார். இம்மக்களை மலையாளி என்பார்கள். கேரளத்தவர் என்று எண்ணிவிட வேண்டா. மலையில் வாழ்வதால் வந்த பெயர், பேசுவது தமிழ். காஞ்சியிலிருந்து வந்த முன்னோரின் வழியினர் தாங்கள் என்பது அவர்களிடையே வழங்கும் கதை. வேர்க்கடலையைப் பகிர்ந்துகொண்டோம்.

"ஏன் சாமி நடந்து வர்றீங்க?" என்றார். காலையிலிருந்து நான்காம் முறையாகக் கேட்கப்பட்ட கேள்வி. அவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "தார்ரோட்டுல வந்திருக்க மாட்டான். ரோடு சுத்து. குறுக்குத்தடம் இருக்கு. இறங்க அஞ்சு மணி நேரம் ஆகும், மூட்டையோட. கோழி கூவுறதுக்கு முன்னாலயே கிளம்பணும். கரடிக்குப் பயந்து பந்தம் கொளுத்திக்கிட்டு வருவோம். கையில பந்தம், தோள்ல மூட்டை. மழைநாள்ல ஓடைத்தண்ணி வடியிற வரைக்கும் இந்தக் கரையில நிக்கணும்" என்றார்.

கொஞ்சம் முன்னே புறப்பட்டால் என்ன என்று கேட்டவன் எதிரில், அந்த "முன்னே" எது என்று அவர் விளக்கிக்கொண்டிருந்தார். அவன் பள்ளிக்கு வந்தது பத்து மணிக்கு என்றால் புறப்பட்டது எப்போது? நான் கணக்கிட்டுப் பார்த்தேன். மேலும் முன்னே புறப்பட நேற்றைய இரவுதான் இருந்தது.

"எந்த ஊருப் பையன்?" என்று கேட்டார்.

பெயரைச் சொன்னேன். "அந்தப் பேர்ல எங்க ஊர்லயே நாலு பேர் இருக்காங்க சாமி. ஊரு எது?"

ஊர் எனக்குத் தெரியாது. இரண்டாண்டுக் காலத்தில் அவனிடம் நான் ஒருமுறையும் அதைக் கேட்டதில்லை. இம்மலையில் சின்னதும் பெரியதுமாக எத்தனையோ சிற்றூர்கள். எந்த ஓடைக்கு அப்பால் என்று தேடுவது?

முதியவர் என் சங்கடத்தைக் கண்டு பேச்சை மாற்றினார். தம் இளமைக் காலத்தைச் சொன்னார். இம்மலை சடையக்கவுண்டர், குரும்பக்கவுண்டர், ஆரியக்கவுண்டர் என்னும் மூன்று ஜாகீர்களாக இருந்தது. நாடு விடுதலை பெற்று ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து, 1976இல்தான் அரசு அவற்றை எடுத்துக்கொண்டது. அதுவரை ஜாகீர்தார் நிலத்தில் கூலியின்றி உழைத்ததைத் தம் தந்தையார் சொல்லக் கேட்டிருப்பதாகக் கூறினார். நான் கல்லூரியில் வரலாற்றையும் துணைப்பாடமாகப் படித்தவன். ஜாகீர் என்றால் முகலாயர் காலத்துச் சொல் என்று தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றவன். என் மாணவனின் தந்தை வாழ்ந்தது அச்சொல்லுக்குள்தான் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

விடைபெற்றபோது அவர் புல்லிலிருந்து ஒரு பிடி எடுத்து என் காலணிக்குள் குதிகால் படும் இடத்தில் திணித்துக் கொடுத்தார். உண்மையிலேயே வலி குறைந்தது.

கரியாலூர் வரையிலான வழியில் காற்று மாறிவிட்டது. வெயில் இருந்தும் சுடவில்லை. வீட்டு வாசல்களில் கடுக்காய் உலர்ந்தது. பலா மரங்களின் அடியில் ஆடுகள் படுத்திருந்தன. கரியாலூரில் படகுத்துறையில் நகரத்துப் பிள்ளைகள் கூச்சலிட்டு மகிழ்ந்தார்கள், ஞாயிற்றுக்கிழமை அல்லவா! அங்கே ஒரு தேநீர் குடித்துவிட்டு, நொண்டி நொண்டி வெள்ளிமலையை அடைந்தபோது மாலை ஐந்து மணி. பதினோரு மணி நேரத்துக்கும் மேல் ஆகியிருந்தது. தார்ச்சாலையில், பகல் வெளிச்சத்தில், பாதி மூட்டைகூட இல்லாமல், வழியெல்லாம் தண்ணீரும் தேநீரும் கிடைத்த நிலையில்.

இரவு உறங்கவில்லை. கால் வலியும் ஒரு காரணம்.

மறுநாள் கருமந்துறைக்கு நடக்க முடியாது என்பது காலைத் தரையில் ஊன்றியதுமே தெரிந்துவிட்டது. கீழே செல்லும் பேருந்தில் ஏறி, முன்பக்கத்தில் இடம் பிடித்தேன். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் திங்கட்கிழமை. வழிநெடுகச் சீருடைப் பிள்ளைகள் ஏறினார்கள். ஒரு நிறுத்தத்தில் ஒரு பையன் ஒற்றையடிப் பாதையிலிருந்து ஓடிவந்து படியில் தொற்றினான். தோளில் புத்தகப்பை, கையில் ஒரு துணி மூட்டை, கால்களில் ஈரமண். நின்றவர்கள் நடுவே அவன் மூட்டையை இறக்க இடமின்றித் தவித்தான். இப்படிக் கொடு தம்பி என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். கனமாக இருந்தது. எந்த ஊர் என்று கேட்டேன், சொன்னான். சாலையிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டேன், அதையும் சொன்னான்.

பெரியார் அருவியைக் கடந்தோம். நேற்று நான் அரைநாள் ஏறிய வளைவுகளைப் பேருந்து ஒன்றன்பின் ஒன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

"பள்ளிக்கூட மணி அடிக்கிறதுக்குள்ளே போயிடுமா?" என்று நடத்துநரிடம் கேட்டேன்.

"போயிடும் பாய்" என்றார் அவர்.